மண் வாத்தும் ஆமாஞ்சாமியும்

மலைகளுக்கெல்லாம் இன்னும் பெயர் வைத்து முடிக்காத காலம் அது. ஆறுகளுக்கு மட்டும் பெயர் இருந்தது. அதையும் தண்ணீர் ஓடும்போதுதான் சொல்லிக் கூப்பிடுவார்கள். அந்தக் காலத்தில், கரிசல் பூமியில், தாளிமேடு என்று ஓர் ஊர் இருந்ததாம். ஊரைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய மட்டும் புஞ்சை. சோளம் போடுவார்கள், கம்பு போடுவார்கள், கொள்ளு போடுவார்கள். மழை பெய்தால் விளையும், பெய்யாவிட்டால் விளையாது. இந்த விஷயத்தில் ராசாவின் உத்தரவுகூடச் செல்லாது.

தை மாதம் அறுவடை முடிந்ததும் புஞ்சையில் சோளத்தாள் மட்டும் முழங்கால் உயரத்துக்கு நிற்கும். உதிர்ந்த மணிகள் மண்ணெல்லாம் சிதறிக் கிடக்கும். அதைத் தின்ன வடக்கேயிருந்து பறவைகள் வரும். சின்னச் சின்னத் தாராக்கள் வரும். தலையில் இரண்டு கறுப்பு வரி போட்ட பெரிய வாத்துகள் வரும். ஏரியில் தங்கிவிட்டு, பொழுது விடிந்ததும் கூட்டம் கூட்டமாகப் புஞ்சைக்கு மேயக் கிளம்பும்.

ஊரின் ஓரத்தில் ஏழு வேட்டுவர் வீடுகள். அறுத்த புஞ்சையில் வேட்டையாடிக்கொள்ளலாம் என்று அந்த ஏழு வீட்டுக்கும் ஓர் உரிமை இருந்தது. தையும் மாசியும் பங்குனியும் அவர்கள் வீட்டு அடுப்பு எரிந்தது அந்த உரிமையால்தான்.

ஏழு வீட்டுக்காரர்களில் ஒருவன் கொற்றன். வேட்டையில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. கரம்பை மண்ணைக் குழைத்து அவன் செய்யும் மண் வாத்துகளைப் பார்த்து நாய்களே ஏமாந்து குரைக்கும். அவற்றுக்குச் சாம்பலும் கரியும் பூசி, புஞ்சையில் பரப்பி வைப்பான். பிறகு பக்கத்தில் ஒரு குழிக்குள் குப்புறப் படுத்து, மேலே சோளத்தட்டையைப் போர்த்திக்கொள்வான். வானத்தில் போகிற கூட்டம், 'அடடே, நம்ம ஆட்கள் நமக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்களே' என்று அவசரமாக இறங்கும். கொற்றனுக்கு அது போதும்.

அவனிடம் ஒரே ஒரு குறைதான். 'இல்லை' என்று சொல்ல வராது. மழை வரும்போலிருக்கிறதே என்றால், ஆமாம் என்பான். வராதுபோலிருக்கிறதே என்றால், அதற்கும் ஆமாம் என்பான். ஒருமுறை இரண்டு பேர் ஓர் ஆட்டைப் பிடித்துக்கொண்டு, 'என் ஆடுதானே?', 'என் ஆடுதானே?' என்று சாட்சி கேட்டு வந்தார்கள். இருவருக்கும் ஆமாம் சொல்லி அனுப்பிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டான். அந்தச் சண்டை மூன்று வருஷம் நடந்தது. ஊரார் அவனுக்கு ஆமாஞ்சாமி என்று பெயர் வைத்தார்கள். 'இப்படிக் கூப்பிடுகிறோமே, உனக்குக் கோபமா?' என்று கேட்டால் ஆமாம் என்பான். 'கோபம் இல்லையே?' என்றால் அதற்கும் அதே பதில்தான்.

இது இப்படியிருக்க, அந்த நாட்டு ராசாவைப் பற்றியும் கேளுங்கள். அவர் பெயர் பெருஞ்சாத்தன். குணத்தில் தங்கமானவர்தான். ஆனால் அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ராசாவின் தலை குனியக் கூடாது. அது குனிந்தால் நாடே குனிந்துவிடும் என்று நம்பினார்கள். அதனால் அரண்மனை நிலைப்படிகளை எல்லாம் உயர்த்திக் கட்டினார்கள். சாப்பாட்டு இலையை மார்பு உயரத்துக்கு மேடை போட்டு வைத்தார்கள். காலில் முள் குத்தினால், குத்தியிருக்கிறதா என்று மந்திரிதான் பார்த்துச் சொல்ல வேண்டும். ராசாவைக் குனியச் சொல்கிற நாக்கு வாயில் இருக்கக் கூடாது என்று சட்டமே இருந்தது. பாவம், ராசாவுக்குத் தன் கால் விரல்களைப் பார்த்தே பல வருஷம் ஆகியிருந்தது.

ஒரு நாள் சபையில் ஒரு விருந்தாளி, "புலியை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். புஞ்சையில் மேயும் வாத்தை அடிப்பதுதான் கஷ்டம்" என்று சொல்லிவிட்டார். ராசாவுக்குப் பொறுக்கவில்லை. அவர் பதினேழு புலி அடித்தவர். நாற்பது பேர் தாரை தப்பட்டையோடு விரட்டிக்கொண்டு வந்து யானைக்கு முன்னால் நிறுத்துவார்கள், அவர் அடிப்பார். வாத்து என்ன பெரிய வாத்து என்று மறுநாளே தாளிமேட்டுக்குப் புறப்பட்டுவிட்டார்.

ராசாவுக்குத் துணையாக வேட்டுவரில் ஓர் ஆள் வேண்டும் என்று செய்தி வந்தது. ஒருவனுக்கு வயிற்றுவலி வந்தது. ஒருவனுக்கு மாமியார் ஊரில் வேலை வந்தது. ஒருவன் ஆளையே காணோம். கடைசியில் எல்லோரும் கொற்றனைப் பார்த்து, "நீ போறியா?" என்றார்கள். அவன் என்ன சொல்லியிருப்பான் என்று உங்களுக்கே தெரியும்.

முதல் நாள் ராசா யானைமேல் வந்தார். மேலே வெண்குடை. முன்னால் கட்டியக்காரன். பின்னால் மந்திரி மதிவாணர், அவருக்குப் பின்னால் முப்பது பேர்.

"யானை இங்கே நிற்கலாமா?" என்று ராசா கேட்டார்.

"ஆமாம் மகராசா."

"குடை இருக்கலாமா?"

"ஆமாம் மகராசா."

சூரியன் கிளம்பியது. ஏரியிலிருந்து வாத்துக் கூட்டம் எழுந்து வந்தது. புஞ்சைக்கு நடுவில் யானையும் அதன் தலைக்குமேல் வெள்ளையாக ஒரு பெரிய காளானும் நிற்பதைப் பார்த்தது. கட்டியக்காரன் சரியாக அந்த நேரம் பார்த்து, "ராசாதிராச, ராசகம்பீர…" என்று தொண்டையைத் திறந்தான். அவன் மூன்றாவது பட்டத்துக்கு வருவதற்குள் கூட்டம் அடுத்த நாட்டுக்குப் போய்விட்டது.

ராசாவின் முகம் வாடியது. மதிவாணர் சும்மா இருப்பாரா? "பிரபு, பறவைகள் தங்களைக் கண்டு பயந்து ஓடவில்லை. இந்த வேட்டுவர்கள் தினமும் விரட்டி விரட்டி மிரளப் பழக்கிவிட்டார்கள். இவர்களைப் புஞ்சையை விட்டு அப்புறப்படுத்தினால் வாத்துகள் தாமாகவே தங்கள் காலடியில் வந்து விழும்" என்றார்.

ராசா யோசித்தார். "மூன்று நாள் பார்ப்போம். மூன்றாம் நாள் உச்சிப் பொழுதுக்குள் என் அம்பால் ஒரு வாத்து விழ வேண்டும். விழாவிட்டால் ஏழு வீடும் காலி. புஞ்சையில் அவர்கள் கால் வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். "சரிதானே?" என்று கொற்றனைப் பார்த்தார்.

"ஆமாம் மகராசா" என்று வாய் சொல்லிவிட்டது. அப்புறம்தான் எதற்கு ஆமாம் சொன்னோம் என்று புரிந்தது.

இரண்டாம் நாள் ராசா நடந்தே வந்தார். யானை வாத்துக்குப் பிடிக்கவில்லை என்று அவரே ஊகித்திருந்தார். கொற்றன் ஒரு குழி தோண்டி வைத்திருந்தான். ராசா அதற்குள் ஒரு பட்டு மெத்தையைப் போட்டு, கழுத்து விறைக்க நிமிர்ந்து உட்கார்ந்தார். சோளத்தட்டைக்கு மேலே கிரீடமும் தலையும் மட்டும் தெரிந்தன.

"கிரீடம் இருக்கலாமா?"

"ஆமாம் மகராசா."

"கட்டியக்காரன் மெதுவாகச் சொல்லலாமா?"

"ஆமாம் மகராசா."

வாத்துகள் வந்தன. மண் வாத்துகளைப் பார்த்து இறங்கப் பார்த்தன. ஒரு சுற்றுச் சுற்றின. அப்போது கிரீடத்தில் வெயில் பட்டுப் பளீரென்றது. தட்டைக்குள்ளிருந்து, "ராசாதிராச…" என்று யாரோ முனகுகிற சத்தமும் கேட்டது. கூட்டம் அப்படியே மேலே ஏறி, வந்த வழியே போய்விட்டது.

அன்று பொழுது சாய்ந்து கொற்றன் வீட்டுக்கு வந்தபோது அவன் மனைவி வெள்ளச்சி அடுப்பைக்கூட மூட்டவில்லை. சட்டி பானைகளை ஒரு பக்கமாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"கிரீடத்தப் பாத்தா வாத்து எறங்காதுன்னு ஒனக்குத் தெரியுமில்ல?" என்று கேட்டாள்.

"ஆமாம்."

"நாளைக்கும் அந்த மனுசன் தலைய நிமித்தித்தான் ஒக்காருவாரு. வாத்து வராது. நாம ஊர விட்டுப் போகணும். அப்பிடித்தானே?"

"ஆமாம்."

"நான் இந்தப் பானையத் தலையில வெச்சிக்கிட்டு, தெரியாத ஊருல போயி, எடம் குடுங்கன்னு நிக்கணும். அதுக்கும் ஆமாமா?"

கொற்றனின் வாய் திறந்தது. ஆனால் சொல் வரவில்லை. அவள் கண் கலங்கியிருந்ததை அப்போதுதான் பார்த்தான்.

"பறவைக்கு முன்னால நீ வாயப் பொத்திக்கிட்டு இருக்கலாம்யா. அது தொழிலு. மனுசனுக்கு முன்னாலயும் ஏன் பொத்திக்கிட்டே இருக்க?" என்று சொல்லிவிட்டு, அவள் பானைகளின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கொற்றனுக்கு அவமானமாக இருந்தது. தன் நாக்கை நினைத்துப் பார்த்தான். ஏழு வீட்டை நினைத்துப் பார்த்தான். ஒரு பக்கம் நாக்கு, ஒரு பக்கம் ஏழு வீட்டு அடுப்பு.

மூன்றாம் நாள் விடியலில் ராசா வந்தபோது, கொற்றன் குழிக்கு முன்னால் கைகட்டி நின்றான்.

"கிரீடம் இருக்கலாமா?" என்று ராசா வழக்கம்போல் கேட்டார்.

"வேணாம் மகராசா."

மதிவாணர் திடுக்கிட்டுப் பார்த்தார். கொற்றனுக்கே யாரோ பக்கத்திலிருந்து பேசியதுபோல் இருந்தது. ஆனால் ஒன்று வந்துவிட்டால் மற்றதும் வந்துவிடுகிறது.

"கட்டியக்காரரு வேணாம். அவங்க எல்லாரும் அந்தச் சோளத்தட்டைப் போருக்குப் பின்னால போயிரணும். நீங்க மட்டும் குழியில குப்புறப் படுக்கணும். அப்புறம்…" அவன் குழியைக் காட்டினான். "அப்புறம், தலையக் குனிஞ்சி மொகத்த மண்ணுல வெக்கணும் மகராசா."

ராசாவின் கை வாளுக்குப் போனது.

"இப்படிச் சொல்கிற நாக்குக்கு என்ன தண்டனை என்று தெரியுமா?"

"தெரியும் மகராசா. வேட்டை முடிஞ்சதும் எடுத்துக்குங்க. இப்பவே எடுத்துட்டீங்கன்னா, வாத்து வர்றப்ப சொல்றதுக்கு ஆள் இருக்காது."

ராசாவுக்குச் சிரிப்பு வந்ததோ, கோபம் வந்ததோ, மீசை மட்டும் ஒரு பக்கம் துடித்தது. "என் தலை யாருக்கும் குனிந்ததில்லை" என்றார்.

கொற்றன் தான் பரப்பி வைத்திருந்த மண் வாத்துகளைக் காட்டினான். "அங்க பாருங்க. இருவது வாத்து வெச்சிருக்கேன். ரெண்டுதான் தலை தூக்கி நிக்குது, அது காவல். மத்ததெல்லாம் குனிஞ்சி மேயுது. ஏன்னா, எல்லாத் தலையும் நிமிந்திருந்தா அது பயந்துபோன கூட்டம். மேல போற பறவை அதப் பாத்தா எறங்கவே எறங்காது. குனிஞ்ச தலையப் பாத்தாத்தான், இங்க ஆபத்தில்லைன்னு நம்பும்."

ராசா மண் வாத்துகளை வெகுநேரம் பார்த்தார். பிறகு கிரீடத்தைக் கழற்றி மதிவாணர் கையில் கொடுத்தார். குழிக்குள் இறங்கினார். குப்புறப் படுத்தார். கொற்றன் அவர்மேல் சோளத்தட்டையைப் போர்த்தி, "நான் காலத் தொட்டா எந்திரிச்சி அம்பு விடுங்க" என்று சொல்லி, தானும் பக்கத்தில் படுத்தான்.

ராசாவின் மூக்கு மண்ணில் புதைந்தது. முதலில் தும்மல் வந்தது, அடக்கிக்கொண்டார். பிறகு ஓர் எறும்பு ஒரு சோளமணியை இழுத்துக்கொண்டு அவர் புருவத்துக்கு நேராகப் போனது. தன் நாட்டு மண்ணை அவர் இவ்வளவு பக்கத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. நாடு குனிந்ததா இல்லையா என்று தெரியவில்லை. அவருக்குக் கழுத்துவலி மட்டும் சற்றுக் குறைந்தது.

வாத்துகள் வந்தன. முதல் சுற்றில் பார்த்தன. இரண்டாம் சுற்றில் தாழ்ந்தன. மூன்றாம் சுற்றில் காற்றுக்கு எதிராகச் சிறகை விரித்து, காலை நீட்டி, ஒவ்வொன்றாக இறங்கி மேய ஆரம்பித்தன. கொற்றன் ராசாவின் காலைத் தொட்டான்.

ராசா எழுந்தார். கண்ணெல்லாம் புழுதி. குத்துமதிப்பாக அம்பை விட்டார். 'டணார்' என்று ஒரு சத்தம். சிறகடித்து வாத்துகள் எல்லாம் மேலே பறந்தன.

தட்டைப் போருக்குப் பின்னாலிருந்து மதிவாணர் ஓடி வந்தார். "ஆகா! ஒரே அம்பு! ஒரே வாத்து! அர்ச்சுனனும் தோற்றான்!" என்றார். முப்பது பேரும் ஆகா என்றார்கள். கட்டியக்காரன் இரண்டு நாளாக அடக்கி வைத்திருந்ததை எல்லாம் சேர்த்து முழங்கினான்.

ராசா கண்ணைத் துடைத்துக்கொண்டு கொற்றனைப் பார்த்தார். "வாத்து விழுந்துவிட்டது. ஆமாம்தானே?"

நாக்கு நுனிக்கு ஆமாம் வந்துவிட்டது. பழகிய வழி அல்லவா? ஆமாம் என்று சொல்லிவிட்டால் வீடு பிழைக்கும், புஞ்சை பிழைக்கும், நாக்கும் பிழைக்கும். எல்லாரும் சொல்லியாகிவிட்டது, இவன் ஒருவன்தான் பாக்கி. ஆனால் கொற்றனுக்கு ஒரு யோசனை வந்தது. மனுஷர் எல்லாரும் ஆமாம் சொல்லலாம். அரண்மனை அடுப்பு சொல்லாதே! மண்ணை எந்தச் சமையற்காரன் வேக வைப்பான்? அதோடு, தன்னை நம்பி மண்ணில் முகம் வைத்துப் படுத்த மனிதரிடம் பொய் சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை.

"இல்லை மகராசா" என்றான். "விழுந்தது நான் செஞ்ச மண் வாத்து. கழுத்து போச்சு."

கொற்றன் கண்ணை மூடிக்கொண்டான். வெள்ளச்சி பானையைத் தலையில் வைத்துக்கொண்டு நடப்பது மூடிய கண்ணுக்குள் தெரிந்தது.

ராசா நடந்து போனார். தாமே குனிந்து, உடைந்த கழுத்தைக் கையில் எடுத்தார். நசுக்கிப் பார்த்தார், பொடிந்தது. முகர்ந்து பார்த்தார், மண் வாசனைதான். மதிவாணரைத் திரும்பிப் பார்த்தார். மந்திரி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உச்சிப் பொழுதுக்கு இன்னும் நேரம் இருக்கிறதா?" என்று ராசா கேட்டார்.

"இருக்கு மகராசா. அதுங்களுக்கும் பசி தீரலை. திரும்பி வரும்."

"அப்படியானால் ஏன் எல்லாரும் நின்றுகொண்டிருக்கிறீர்கள்?" என்று சொல்லிவிட்டு, ராசா யாரும் சொல்லாமலே குழிக்குள் இறங்கி, யாரும் சொல்லாமலே முகத்தை மண்ணில் வைத்தார்.

வெயில் ஏறியது. கொற்றனின் முதுகு வெந்தது. கடைசியில் வாத்துகள் வந்தன. சுற்றின, தாழ்ந்தன, இறங்கின. கொற்றன் காலைத் தொட்டான். ராசா எழுந்தார், இம்முறை கண்ணை நன்றாகத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அம்பு போனது. எல்லாப் பறவைகளும் எழும்ப, ஒன்று மட்டும் தாள்களுக்கு நடுவே விழுந்தது.

ஒருவரும் ஆகா சொல்லவில்லை. மதிவாணருக்கு வாய் திறக்கப் பயம். முப்பது பேரும் அவர் வாயைப் பார்த்தார்கள். கட்டியக்காரன் தொண்டையைச் செருமிவிட்டு நிறுத்திக்கொண்டான்.

ராசா அவர்களில் ஒருவரையும் பார்க்கவில்லை. கொற்றனை மட்டும் பார்த்தார். சின்னப் பிள்ளை பரிசு கேட்பதுபோல் மெதுவாகக் கேட்டார்: "விழுந்துவிட்டதா?"

"ஆமாம் மகராசா" என்றான் கொற்றன்.

ராசாவின் முகம் மலர்ந்தது. பதினேழு புலி அடித்தபோதெல்லாம் ஆயிரம் பேர் ஆமாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு தடவைகூட அவருக்கு இப்படிச் சந்தோஷம் வந்ததில்லை. வாத்தைப் போய்ப் பார்க்கக்கூட இல்லை. அந்த ஒரு சொல்லே போதும் என்று நின்றார்.

அறுத்த புஞ்சை அந்த ஏழு வீட்டுக்கும், அவர்கள் பிள்ளை பேரன் காலம் வரைக்கும் என்று அங்கேயே கட்டளை பிறந்தது. "அந்த நாக்கு?" என்று சட்டத்தை நினைவூட்டினார் மதிவாணர். "அது இனி என் நாக்கு. இவன் வாயில் பத்திரமாக இருக்கட்டும்" என்றார் ராசா.

அன்று மத்தியானம் ஏழு வீட்டாரோடும் ராசா தரையில் உட்கார்ந்து, தரையில் போட்ட இலையில், குனிந்து சாப்பிட்டார். வெள்ளச்சி அடுக்கிய பானைகளைப் பிரித்துக் குழம்பு வைத்தாள். மதிவாணருக்குத் தனி இலை. அதன் நடுவில் கழுத்துப் போன மண் வாத்தை வைத்து, மேலே குழம்பு ஊற்றியிருந்தார்கள்.

"வாத்துக்கறி நன்றாக இருக்கிறதா மந்திரி?" என்று ராசா கேட்டார்.

மதிவாணர் இலையைப் பார்த்தார், ராசாவைப் பார்த்தார், கொற்றனைப் பார்த்தார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, "இல்லை பிரபு" என்றார். அதற்கப்புறம்தான் அவருக்கு நல்ல கறி பரிமாறினார்கள்.

கேட்டவர்களே, கதை சொல்லும் நீதி இதுதான்: வேண்டிய இடத்தில் 'இல்லை' என்று சொல்லத் தெரிந்தவன் சொல்லும் 'ஆமாம்' என்ற சொல்லுக்குத்தான் உலகத்தில் மதிப்பு உண்டு.